டிஃபென்ஸ் ஆர்டருக்குப் புரோகிராம் லீட்களை எப்படித் தயார் பண்றது?

ஒற்றியூர்_சரவணன்:
வணக்கம். மணலி பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கேன். ராணுவ வண்டிகளுக்கு ஹைட்ராலிக் பாகங்கள் செய்றோம். டிசைன்லயும் ஷாப் ஃப்ளோர்லயும் ஊறின அஞ்சாறு பேரை இப்போ புரோகிராம் லீடா, அதாவது ஒரு ஆர்டரை முழுசாப் பார்த்துக்கிற பொறுப்புல போட்டிருக்காங்க. எல்லாரும் நல்ல வேலைக்காரங்க. ஆனா வாங்குறவங்ககிட்டேருந்து ஒரு லெட்டர் வந்தா, யார் பதில் எழுதணும்னே தெரியாம ரெண்டு வாரம் போயிடுது. ஹோட்டல்ல ஒரு டிரெயினிங் வெச்சா போதும்னு மேனேஜ்மென்ட் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

பிரபு_அம்பத்தூர்:
முதல்ல டி.ஏ.பி. 2020-ஐ, அதாவது பாதுகாப்பு அமைச்சகத்தோட கொள்முதல் நடைமுறைப் புத்தகத்தைப் படிக்க வைங்க. 2020 அக்டோபர் 1-ல அமலுக்கு வந்தது. ஆர்.எஃப்.ஐ. (தகவல் கேட்கிறது), ஏ.ஓ.என். (தேவைதான்னு ஒப்புதல்), ஆர்.எஃப்.பி. (விலையோட முன்மொழிவு கேட்கிறது), டிரயல், விலைப் பேச்சு, காண்ட்ராக்ட்னு அந்த வரிசை மனசுல பதிஞ்சாதான் ஃபைல் எந்த மேஜையில நிக்குதுன்னு ஊகிக்க முடியும்.

தண்டையார்பேட்டை_பெரியவர்:
சரவணன் தம்பி, என் சர்வீஸ் முழுக்கத் தர ஆய்வுப் பக்கம்தான். பிரபு சொன்னது சரி, ஆனா அது வாங்குறவங்க நடைமுறை. உங்க ஆளுங்க தினம் மல்லுக்கட்டப் போறது கையெழுத்தான காண்ட்ராக்டோட. ஓடிட்டிருக்கிற ஒரு ஆர்டரை எடுத்து, முதல் பக்கத்துலேருந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. டெலிவரி பீரியட் எப்போ முடியுது, பேங்க் கேரண்டி எப்போ காலாவதி ஆகுது, க்யூ.ஏ.பி.-ல (தர உறுதித் திட்டம்) எந்த இடத்துல ஆய்வாளர் பார்க்காம மேல போகக் கூடாது, எல்லாத்தையும் ஒரே சார்ட்ல அவங்க கையாலயே எழுதணும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு கம்பெனியில நான் பார்த்தது. சிலிண்டர் எல்லாம் பிரஷர் டெஸ்ட்ல அருமையா பாஸ். அப்புறம் கசியாம இருக்க உள்ளே போட்ட ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், அதோட காலி கவரைக் கேட்டு வாங்கினேன். ரப்பர் பதமான காலாண்டும் வருஷமும் அதுல அச்சடிச்சிருக்கும். டெலிவரி நாள்ல ஓ-ரிங்குக்கு இவ்வளவு ஆயுள் மிச்சம் இருக்கணும்னு ஆர்டர்ல ஒரு வரி இருக்கு, கவர்ல உள்ள தேதி அதுக்குப் பத்தல. மொத்த லாட்டையும் பிரிச்சு, சீல் மாத்தி, திரும்ப டெஸ்ட் பண்ணாங்க. அதுக்குள்ள டெலிவரி பீரியட் முடிஞ்சு, தாமதத்துக்காக எல்.டி.ன்னு பில்லுல பிடித்தம் வேற. சரக்கு பழசுன்னு ஸ்டோர்ஸ் பையனுக்கு முன்னாடியே தெரியும். அவனை யாரும் கேட்கல. பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், க்யூ.ஏ. (தர உறுதி) மூணு பேரையும் வாரம் ஒரு தடவை உட்கார வெச்சுக் கேள்வி கேட்கறதுதான் லீடோட வேலை. அதை எந்த ஹோட்டல்ல சொல்லிக் கொடுப்பாங்க?

மீஞ்சூர்_கலைவாணி:
ஐயா சொன்னது கப்பல் வேலைக்கு இன்னும் பொருந்தும். நான் காட்டுப்பள்ளி பக்கம் பைப்பிங் பிளானிங்ல இருக்கேன். கப்பலை பிளாக் பிளாக்கா கட்டுவாங்க. பிளாக் திறந்திருக்கும்போதே பைப்பை உள்ளே இறக்கிடணும். டிராயிங் அப்ரூவல் தள்ளிப்போய் பிளாக்கை மூடிட்டா, அதே வேலையை இடுக்குல குனிஞ்சு செய்யணும், நாளும் ஆளும் பல மடங்கு. கடலோரக் காவல்படைக்கு எல் அண்ட் டி ஏழு ரோந்துக் கப்பல் கட்டிச்சே, 2015-ல ஒப்பந்தம், 2018-ல விக்ரம், 2021 ஆகஸ்ட்ல ஏழாவதா விக்ரஹா. அந்த மாதிரி வரிசையா கப்பல் இறங்கணும்னா நடுவுல இருக்கிற லீட்கள் அன்னன்னிக்கே முடிவெடுக்கணும். எங்க டீம்ல ஒருத்தரை ஆய்வாளரா நடிக்க வெச்சு மத்தவங்களைக் கேள்வி கேட்க விடுவோம். நல்லா பலன் கொடுத்துச்சு.

ஒற்றியூர்_சரவணன்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி மேடம். ஒரு சந்தேகம். லேட்டாகும்னு தெரிஞ்சாலும் எங்க ஆளுங்க மேல சொல்லப் பயப்படறாங்க. அதுக்கு என்ன வழி?

தண்டையார்பேட்டை_பெரியவர்:
அந்தப் பயத்தைப் போக்க ஆள் குணத்தை நம்பாதீங்க தம்பி, விதி போடுங்க. அமெரிக்காவுல 1982-லேருந்து நன்-மெக்கர்டி சட்டம் இருக்கு. பெரிய ஆயுதத் திட்டத்துல ஒரு யூனிட்டோட செலவு, அப்போதைய அடிப்படை மதிப்பீட்டை விட 15 சதவீதம் ஏறினா நாடாளுமன்றத்துக்குச் சொல்லியே ஆகணும். 25 சதவீதம் ஏறினா, திட்டம் ஏன் தொடரணும்னு பாதுகாப்பு அமைச்சர் சான்று கொடுக்கணும். அங்கே 1990-லேயே சட்டம் போட்டு, ஆயுதக் கொள்முதலைத் தனித் தொழிலாவே பயிற்சி கொடுத்து வளர்க்கிறாங்க. நீங்க சின்ன அளவுல செய்யலாம். ஒரு மைல்கல் இத்தனை நாள் தள்ளினா லீட் ஒரு பக்க நோட் எழுதியே ஆகணும், அந்த நோட்டுக்காக யாரையும் திட்டக் கூடாதுன்னு எம்.டி. கையெழுத்தோட சர்க்குலர் வாங்குங்க. டெலிவரி பீரியட் எக்ஸ்டென்ஷன் கேட்கிற லெட்டரையும் லீடே எழுதட்டும். காலாவதிக்கு முன்னாடி, காரணத்தோட, ஆதாரத்தோட. இன்னொண்ணு, சின்னத் தொகைக்காவது அவங்க கையெழுத்து செல்லணும். அதிகாரம் இல்லாதவனுக்கு வகுப்பு எடுத்து என்ன புண்ணியம்?

ஒற்றியூர்_சரவணன்:
டெலிவரி பீரியட் முடியப்போற ஆர்டர் ஒண்ணு கையில இருக்கு. திங்கட்கிழமை அதையே எடுத்து ஆரம்பிக்கிறோம். கலைவாணி மேடம், ஆய்வாளரா நடிக்கிறவர் என்னென்ன கேட்பார்னு ஒரு பட்டியல் போட முடியுமா?