அழுகிய காய்கறி: புழுத்தட்டா, மட்குக் குழியா?

மண்வாசம்: காய்கறிக் கழிவு என்றாலே அதைத் தட்டில் போட்டு, தின்று தீர்க்கக் கருப்புச் சிப்பாய் ஈயின் (black soldier fly) புழுவை விடச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தக்காளி, பூசணி, முட்டைக்கோஸில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். தட்டில் கொட்டினால் சாறு தேங்கும், காற்று புகாது, புளித்த வாடை கிளம்பும், புழுவெல்லாம் சுவரேறி வெளியே வந்துவிடும். மட்குக் குழியில் காய்ந்த இலையோடு கலந்து போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கூட்டுப்புழு: அது தயாரிப்பில் வரும் கோளாறு நண்பரே. கழிவைப் பொடியாக நறுக்கி, இரவு முழுக்க வடியவிடுங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டுதான் கசிய வேண்டும். ஒழுகினால் தவிடு சேருங்கள். மரத்தூளும் உறிஞ்சும், ஆனால் புழுவுக்குத் தீனி ஆகாது. 60×40 செ.மீ. தட்டுக்கு 5 நாள் வயதுப் புழு 10,000, கழிவு 15 கிலோ, 12 நாள். கழிவை மூன்று தவணையாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடிப்பகுதி மூச்சடைத்து அழுகும்.

மண்வாசம்: காய்கறியில் புரதம் குறைவு. கீரையும் கோஸும் மட்டும் தின்ற புழு சிறுத்துப்போகும், நாளும் இழுக்கும். தவிடு வாங்கிப் போட்டுத்தான் ஓட்ட வேண்டுமென்றால் கழிவால் என்ன லாபம்? 10,000 குஞ்சுப் புழு எங்கிருந்து வரும்?

கூட்டுப்புழு: புரதக் குறை உண்மைதான். மிஞ்சிய சோறு, பருப்பு கலந்தால் ஓரளவு சரியாகும். குஞ்சுப் புழுவுக்கு ஈ வளர்க்கும் கூண்டு வேண்டும். ஈ அழுகலுக்குள் முட்டையிடாது, அதன் மேலே உலர்ந்த இடுக்கில்தான் இடும். நெளி அட்டைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டால் ஓட்டைகளில் முட்டை வெளிர்மஞ்சள் கொத்தாகத் தெரியும். ஒரு ஈ சுமார் 500 இடும், 4 நாளில் பொரியும். வெயில் படாத கூண்டில் இணைசேர்வது அரிது. பலர் சறுக்குவது அங்கேதான்.

எருக்குழி: இருவருமே விட்ட ஒன்று: பூச்சிமருந்து. புழுவும் பூச்சிதானே! மருந்து தெளித்த காய் வந்தால் தட்டே செத்துப்போகும். புதுக் கழிவைச் சிறு டப்பாவில் நூறு புழுவோடு ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு போடுங்கள். புழு தின்றபின் தட்டில் மிஞ்சும் எச்சத்தையும் உடனே செடிக்கு வைக்காதீர்கள். அம்மோனியாவில் வேர் கருகும். சில வாரம் மட்கவிட வேண்டும்.

மண்வாசம்: ஆக, கடைசியில் மட்குக் குழி வேண்டியிருக்கிறது! கோழியோ மீனோ வளர்ப்பவர் புழுவைத் தீனியாக்கலாம், அதை ஏற்கிறேன். மற்றவர்கள் நேரே குழிக்கே போகலாமே?

கூட்டுப்புழு: குழியில் மாதக்கணக்கு ஆவது இங்கே இரு வாரத்தில் கால்பங்காகச் சுருங்குகிறது. இடம் குறைந்தவருக்கு அதுதான் முக்கியம்.