18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர்: பார்ட்டிகிள் போர்டில் புரி நிக்க மாட்டேங்குது

எலக்ட்ரானிக்சிட்டி_அசெம்பிளி:

அண்ணன்மாரே, பெங்களூர் அபார்ட்மென்ட்கள்ல வார்ட்ரோப், மாடுலர் கிச்சன் மாட்டுற வேலை. மெஷின் 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர், 170 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, 2 ஏ.எச். (ஆம்பியர் அவர்) பேட்டரி. போர்டு 18 மி.மீ. பிரீலேம் (மேலே லேமினேட் ஒட்டியே வர்ற) பார்ட்டிகிள். ஓரத்துல 4×50 (4 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளம்) ஸ்க்ரூ ஏத்தினா, தலை உக்காந்த அடுத்த நொடியே சும்மா சுத்துது. கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ போட்டா கழுத்தோட ஒடியுது. பிட் வேற ரெண்டே நாள்ல மழுங்கிடுது. அடுத்து மொட்டை மாடியில 2 மி.மீ. தகட்டு ஸ்கொயர் பைப் மேல கூரை ஷீட் மாட்டணும். இதே மெஷின் போதுமா, தனியா டிரில் டிரைவர் வாங்கணுமா?

பொம்மனஹள்ளி_தச்சுப்பட்டறை:

தம்பி, மெஷின்ல குறை இல்ல. உள்ளே சுத்தியல், பட்டடைன்னு ரெண்டு துண்டு இருக்கு. ஸ்க்ரூ லேசா இறங்குற வரைக்கும் ரெண்டும் சேர்ந்தே சுத்தும். இறுக ஆரம்பிச்சதும் சுத்தியல் ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பின்னால போய், பட்டடையோட காதைத் தாண்டி, திரும்பப் பாய்ஞ்சு சுத்துற திசையிலயே அடிக்கும். நிமிஷத்துக்கு 3,000 அடிக்கு மேல. அதாவது அந்த டக்டக் சத்தம் கேட்டு அரை நொடி தாமதமா விரலை எடுத்தா 25 அடி விழுந்திருக்கும். டிரில் டிரைவர்ல இருக்குற கிளட்ச் வளையம் (வெச்ச இறுக்கம் வந்ததும் தானா நிறுத்துறது) இதுல கிடையாது, நிறுத்த வேண்டியது உங்க விரல்தான்.

பார்ட்டிகிள் போர்டுக்கு அந்த 25 அடி ரொம்ப அதிகம். நடுப்பகுதியில இருக்குறது பசை போட்டு அமுக்கின மரச்சில்லு. ஸ்க்ரூ புரி அதைக் கடிச்சுப் பிடிச்ச பிறகும் தலை இன்னும் உள்ளே இறங்க முடியாம சும்மா சுத்துச்சுன்னா, அந்தச் சில்லெல்லாம் மாவாயிடும். பிளைவுட்ல அடுக்கு குறுக்கு நெடுக்கா இருக்குறதால கொஞ்சம் தாங்கும், இதுல தாங்காது.

ஓரத்துல ஏத்த முதல்ல 3 மி.மீ. பைலட் ஓட்டை (ஸ்க்ரூவுக்கு வழிகாட்டுற சின்ன ஓட்டை), ஸ்க்ரூ இறங்குற ஆழம் முழுக்க. மெஷின் முதல் ஸ்பீடு. தலை போர்டைத் தொட 2 மி.மீ. இருக்கும்போதே விட்டுட்டு, மிச்சத்தைக் கை ஸ்க்ரூடிரைவர்ல முடிங்க. கனமான பாக்ஸ்னா 4×50-ஐ விட்டுட்டு 7×50 கன்ஃபர்மாட் ஸ்க்ரூவுக்கு (போர்டு இணைக்கிறதுக்குன்னே வர்ற தடிமனான ஸ்க்ரூ) மாறுங்க: மேல் போர்டுல 7, ஓரத்துல 5 மி.மீ. ஓட்டை, ரெண்டையும் ஒரே மூச்சில போடுற ஸ்டெப் பிட் கிடைக்குது. கடைசி இறுக்கம் 4 மி.மீ. ஆலன் கீயில. மினிஃபிக்ஸ் கேம் (போர்டுகளை இழுத்துப் பூட்டுற வட்டப் பூட்டு) பக்கம் இம்பாக்ட்டைக் கொண்டு போகவே கூடாது, அது வார்ப்பு ஜிங்க், விரிஞ்சிடும்.

ஏற்கெனவே புரி போன இடத்துல தீக்குச்சி திணிக்காதீங்க. ஓட்டையை 8 மி.மீ. ஆக்கி, வெள்ளைப் பசையில தோய்ச்ச 8 மி.மீ. மர டவல் (உருளைக் குச்சி) அடிச்சு, ராத்திரி முழுக்கக் காய விட்டு, சமமா அறுத்து, புதுசா 2.5 மி.மீ. பைலட் போடுங்க. பழசை விட உறுதியா நிக்கும்.

டிரில் டிரைவர் கேட்டீங்களே, வாங்குங்க. 12 வோல்ட் போதும். கீலுக்கான 35 மி.மீ. குழியும், கீலோட 4×16 ஸ்க்ரூவும் அதோட வேலை. கிளட்சை 3-ல ஆரம்பிச்சு, தலை சரியா உக்கார்ற நம்பர் வரைக்கும் ஒவ்வொண்ணா ஏத்திப் பாருங்க.

பிட்_கவனி:

பிட் மழுங்குறதுக்கு முக்கால்வாசி காரணம் தப்பான பிட். ஸ்க்ரூ தலையை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. கூட்டல் குறிக்கு நடுவுல நாலு மெல்லிய கோடு தெரிஞ்சா அது பி.இஜட். 2 (போசிட்ரைவ்). கோடு இல்லேன்னா பி.எச். 2 (பிலிப்ஸ்). சிப்போர்டு ஸ்க்ரூ நிறைய பி.இஜட்.லதான் வருது. அதுல பி.எச். பிட்டை வெச்சா பள்ளத்தோட சுவர்ல சரியாப் படியாம ஏறி ஏறி வழுக்கும், தலையும் போகும், பிட்டும் போகும்.

25 மி.மீ. பிட்டை ஹோல்டர்ல செருகாம, 50 மி.மீ. இம்பாக்ட் பிட்டை நேரா சக்குல போடுங்க. அதோட கழுத்து வேணும்னே மெலிசா இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் அது லேசா முறுக்கிக் கொடுக்கும். சாதா பிட் முறுக்கிக் கொடுக்காம முனை உடைஞ்சுடும்.

கறுப்பு ஸ்க்ரூ ஒடியுறதும் இதே கதைதான். அது கெட்டிப்படுத்தின இரும்பு, வளையாது. ஜிப்சம் போர்டை சேனல்ல மாட்ட மட்டும் வெச்சுக்கிட்டு, அலமாரிக்கு சிப்போர்டு ஸ்க்ரூ எடுங்க. எஸ்.ஜே.பி. ரோடு கடைகள்ல பெட்டியா வாங்கும்போது எந்த பிட்டுன்னு பார்த்தே வாங்குங்க.

கூரைவேலை_ஒயிட்ஃபீல்டு:

மாடி வேலைக்கு இம்பாக்ட் ரொம்பப் பொருத்தம் சார், ஆனா ரெண்டு இடத்துல கவனம்.

5.5 மி.மீ. செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவுக்கு (தானே ஓட்டை போட்டு இறங்குறது) 8 மி.மீ. காந்த நட் செட்டர் (அறுகோணத் தலையைப் பிடிக்கிற பிட்). முனை பைப்பைத் துளைக்கிற வரைக்கும் நடு ஸ்பீடு, நல்ல அழுத்தம். ட்ரிகரை முழுசா அமுக்கி லேசாப் பிடிச்சா முனை சூடாகி நீலமாயிடும், அதுக்கப்புறம் துளைக்காது. புரி பிடிச்சதும் வேகத்தைக் குறைங்க. வாஷருக்கு அடியில இருக்குற ரப்பர், தகட்டு விளிம்புல லேசா எட்டிப் பார்த்ததும் நிறுத்தணும். பிதுங்கி வெளியே விரிஞ்சா வெயில்ல வெடிச்சு அந்த இடத்துலதான் ஒழுகும்.

செட்டருக்குள்ள இரும்புத் துகள் ஒட்டி ஒட்டி, ஸ்க்ரூ தலை முழுசா உள்ளே போகாம ஆடும். பத்துப் பதினஞ்சு ஸ்க்ரூவுக்கு ஒரு தடவை ஒட்டுற டேப்பை, பசைப் பக்கம் வெளியே இருக்குற மாதிரி உருட்டி உள்ளே விட்டு எடுங்க. ஷீட் மேல விழுற துகளை அன்னிக்கே பெருக்கிடுங்க, ஒரு மழைக்கு அத்தனையும் துரு கறையா நிக்கும்.

ஷீட் பாலிகார்பனேட்டா இருந்தா கதை வேற. 3 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூட்டு வித்தியாசத்துல சுமார் 6 மி.மீ. நீளும். ஓட்டையை ஸ்க்ரூவை விட 2, 3 மி.மீ. பெருசா முன்னாடியே போட்டு, கடைசிச் சுத்தைக் கையால முடிங்க.

எலக்ட்ரானிக்சிட்டி_அசெம்பிளி:

நன்றி அண்ணா, நன்றி சார். தலையில நாலு கோடு இருக்கு, பி.இஜட்.தான். மாடிக்கு 4 ஏ.எச். பேட்டரி எடுக்கவா? கடையில 20 வோல்ட்னு ஒண்ணு காட்டுறாங்க, அது பவர் அதிகமா?

கூரைவேலை_ஒயிட்ஃபீல்டு:

20 வோல்ட் மேக்ஸ்னு போட்டிருந்தா ரெண்டும் ஒண்ணுதான். அஞ்சு செல், ஒண்ணு 3.6 வோல்ட், மொத்தம் 18. முழு சார்ஜ்ல சுமார் 20 வோல்ட் காட்டும், அதைத்தான் அட்டையில அச்சடிக்கிறாங்க. 4 ஏ.எச். எடுங்க. பெரும்பாலும் அதுல அஞ்சு செல் ரெண்டு வரிசையா இருக்கும், ஒவ்வொரு செல்லும் பாதி சுமை இழுக்கிறதால சூடு குறையும். தலைக்கு மேல கை தூக்குற வேலைக்குப் பழைய 2 ஏ.எச்.சை மாட்டிக்குங்க, எடை குறைவு. வெயில்ல ஓடின பேட்டரியை அரை மணி நேரம் நிழல்ல ஆற விட்டு சார்ஜ் போடுங்க.