அழைப்பு முடிந்த பிறகும் அடங்காத கோபம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகத் தொலைபேசியில் புகார்களைக் கேட்டு வருகிறேன். எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு கடிந்து பேசினாலும் நம் குரலில் கனிவு குறையக் கூடாது என்பதே எங்களுக்குத் தரப்படும் முதல் பயிற்சி. சம்பளத்துக்காக முகத்தையும் குரலையும் அடக்கி ஆள்வதைச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983-இலேயே 'உணர்ச்சி உழைப்பு' என்று விளக்கியிருப்பதை வெகு தாமதமாகத்தான் அறிந்தேன். அதுவும் உழைப்புதான், அதற்கும் களைப்பு உண்டு என்று படித்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு மாலை, நாற்பது நிமிடம் நீண்ட ஓர் அழைப்பை முடித்து ஹெட்செட்டைக் கழற்றிய கையோடு, விடுப்புக் கேட்டு வந்த புதிய ஊழியரிடம் எரிந்து விழுந்தேன். அவர் ஒன்றும் பேசாமல், நீட்டிய தாளை இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்திவிட்டுத் திரும்பிப் போனார். என் கோபத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து, கடினமான அழைப்பு முடிந்ததும் அந்த நேரத்து உணர்வை ஒரே சொல்லில் குறிப்பேட்டில் எழுதிவிட்டே அடுத்ததை எடுக்கிறேன். 'கோபம்' என்று எழுதப் போகும்போது, சற்று நிதானித்தால் தாடை இறுகியிருப்பதும் கழுத்து சூடேறியிருப்பதும் தெரியும். எழுத வேண்டிய சொல் 'அவமானம்' என்பது பல நாள் அப்போதுதான் புரியும். உணர்ச்சிக்குப் பெயரிடும்போது அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளையின் அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிவதை உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினரின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எனக்குக் கோபம் மறைந்துவிடவில்லை. அடுத்தவர் மேல் பாயாமல் இருக்கிறது, அவ்வளவே.

மறுமொழி

தங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் மருத்துவமனை வார்டில் செவிலியர். ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் தொடங்கிய, மூச்சையும் உடலையும் கவனித்துப் பழகும் எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் முறையில் எங்களுக்கும் பயிற்சி தந்தார்கள். பயிற்சியில் குறையில்லை, ஆனால் இரவுப் பணி முடிந்த காலையில் அதை வைத்ததால், கண்ணை மூடியதும் உறக்கமே வந்தது.

இருந்தும் ஒன்று கிடைத்தது. மூச்சைக் கவனித்துப் பழகியபின், நெஞ்சு படபடப்பது எல்லா இரவுகளிலும் அல்ல, வார்டு முழுவதையும் இருவரே பார்க்கும் இரவுகளில் மட்டுமே என்பதைக் கண்டுகொண்டேன். அந்தப் பதற்றம் என் மனத்தின் பலவீனம் அல்ல. ஆள் போதவில்லை என்பதை உடல் சரியாகவே சொல்லியிருக்கிறது. பர்ன் அவுட் எனப்படும், வேலையால் முற்றிலும் சோர்ந்துபோகும் நிலையை உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. ஆகவே மூச்சுப் பயிற்சியை மட்டும் தந்துவிட்டுப் பணிச்சுமையை அப்படியே விடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆறு வார இரவுகளைத் தேதியிட்டு எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். வாரத்தில் மூன்று இரவுகளுக்கு இன்னொருவரை நியமித்திருக்கிறார்கள்.

மறுமொழி

மிக்க நன்றி, சகோதரி. கடினமான அழைப்புக்குப்பின் ஐந்து நிமிட இடைவெளியைப் பகல் ஷிஃப்டுக்கு மட்டும் எங்களுக்கு ஒதுக்கியுள்ளார்கள். மாலை ஷிஃப்டுக்கும் கேட்க வேண்டும். என் குறிப்பேட்டில் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. இன்று முதல் தேதியும் நேரமும் சேர்த்து எழுதுகிறேன்.