புதுப்பிப்பு: செடி வளர்க்கும் மீன் தொட்டியில் கரும்பாசி, இப்போதைய நிலை

உரம் ஒழுங்காகப் போட்டும் இலை விளிம்புகளில் கரும்பாசி படர்கிறதே, உரத்தை நிறுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் நிறுத்தச் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை, செடியைப் பட்டினி போட்டால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

விளக்கு நேரத்தை 10 மணி நேரத்திலிருந்து 7 மணி நேரமாகக் குறைத்தேன். அதைவிட முக்கியம், முன்பு விளக்கோடு சேர்ந்து திறந்த, செடிகளுக்காக நீரில் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு இப்போது ஒன்றரை மணி நேரம் முன்பே திறக்கிறது. வாயு நீரில் கரைந்து போதிய அளவை எட்ட நேரமாகும்; அதற்குள் வெளிச்சம் முழு வேகத்தில் அடித்தால் செடி கரியமின்றித் தவிக்கும். 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மை அளவு) கரைசல் ஊற்றிய, நீரிலுள்ள அந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் குப்பி இப்போது இளம்பச்சை, அதாவது ஏறத்தாழ 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு). (அந்த நிறம் மாற ஓரிரு மணி நேரம் பிந்தும். அதனால் வாயு மிகுந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்கிறேன். இதுவரை இல்லை.) உரச்சத்தான நைட்ரேட் 10 முதல் 20 பிபிஎம்முக்குள் நிற்கிறது.

புதிய இலைகள் சுத்தமாக வருகின்றன. பாசி பிடித்த பழைய இலைகளை வெட்டிவிட்டேன். அனுபியாஸ் மட்டும் அடம்பிடிக்கிறது. மெதுவாக வளரும் செடி, வெளிச்சம் குறைந்த மூலைக்கு நகர்த்தப் போகிறேன்.