"எத்தனை மில்லி ஆம்பியர், தம்பி?"

வால்வு ஆம்ப்ளிஃபயர் (பழைய கால வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றைச் சொந்தமாகக் கட்டிப் பார்க்கும் ஆசையில், மும்பை லாமிங்டன் சாலையில் ஒரு கடைக்குப் போய், "250 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதுதான் என் முதல் தவறு. கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரின் மேல் 250 என்று மட்டும் எழுதியிருந்தது; எவ்வளவு மின்னோட்டம் தரும் என்ற குறிப்பு எங்கும் இல்லை.

சயானில் வீட்டு மேசையில் வைத்து அளந்தபோது, சுமை ஏதும் இல்லாத நிலையில் மல்டிமீட்டர் 272 வோல்ட் காட்டியது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டயோடு பிரிட்ஜுக்கும் கெபாசிட்டருக்கும் பிறகு இது 1.414 மடங்காகும், அதாவது ஏறத்தாழ 385 வோல்ட். நான் போட்டிருந்த கெபாசிட்டரோ 350 வோல்ட் மட்டுமே தாங்கும். வால்வின் இழை சூடேறி மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கச் சில வினாடிகள் ஆகும் என்பதும், அதுவரை அந்த உச்ச மின்னழுத்தம் முழுவதும் கெபாசிட்டரின் மேல்தான் நிற்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மாலை கெபாசிட்டரின் தலை உப்பி, சீறிக்கொண்டு திறந்தது. அந்தக் காரமான நெடி போக இரண்டு நாட்கள் ஆயின.

அடுத்து, பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு தாராவியில் காயில் கட்டும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் போனேன். அண்ணாச்சி அதைப் பார்த்ததும் மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டார். "இது 2000 வோல்ட், அரை ஆம்பியருக்குக் குறையாமல் கொடுக்கும். செகண்டரியின், அதாவது மின்சாரம் வெளியே வரும் சுருளின், ஒரு முனை இரும்போடு சேர்ந்திருக்கிறது பாருங்கள். தொட்டால் பிழைக்க மாட்டீர்கள், தம்பி" என்றார். வீட்டில் மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இருக்கிறதே என்றேன். அது வீட்டு மின்சாரம் நுழையும் பிரைமரிப் பக்கத்தில் போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடும் கருவி. செகண்டரியில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அதற்குத் தெரியவே தெரியாது என்று பொறுமையாக விளக்கினார். இந்த ஒன்றை நம்மில் பலர் இன்னும் தவறாகவே நம்பியிருக்கிறோம். தயவுசெய்து உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்.

பிறகுதான், "எத்தனை மில்லி ஆம்பியர், தம்பி?" என்று கேட்டார். கையில் விடை இல்லை. இருவருமாக உட்கார்ந்து தாளில் எழுதினோம். இ.எல்.84 வால்வு இரண்டு, இ.சி.சி.83 ஒன்று. உயர் மின்னழுத்தப் பக்கம் எல்லாம் சேர்ந்து 110 மில்லி ஆம்பியர். கெபாசிட்டர் மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாக இழுப்பதால், கம்பி தாங்க வேண்டியது அதில் 1.8 மடங்கு, அதாவது 200 மில்லி ஆம்பியர். 250 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டுமென்றால் செகண்டரிக்கு 200 வோல்ட் போதும். இழைகளுக்கு 6.3 வோல்ட்டில் 1.82 ஆம்பியர் தேவை. அதை இரண்டரை என்று எழுதிக்கொண்டார்.

கம்பி சுற்றும் கூடான பாபினைச் சுழற்றும் கைச்சக்கரத்தில் சுற்று எண்ணும் மீட்டர் ஓட, எனாமல் கம்பியை விரல்களுக்கிடையில் இழுத்துப் பிடித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு தாள் வைத்து அவர் சுற்றியதை அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் மட்டும் தாள் மூன்று அடுக்கு. மும்பை மழைக்காலத்தில் ஈரம் உள்ளே புகாதிருக்க வார்னிஷில் முக்கி, அடுப்பில் உலர்த்தி, மறுநாள் 500 வோல்ட் மெகர் என்னும் கருவியை வைத்து மின்காப்பைச் சோதித்த பிறகே என்னிடம் கொடுத்தார். இப்போது கெபாசிட்டர் 450 வோல்ட். அணைத்ததும் மின்னூட்டம் வடிய அதன் குறுக்கே 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது.

செம்பூரிலிருந்து ஒரு மறுமொழி:

அண்ணா, என் அனுபவம் மின்னழுத்தம் பற்றியதன்று, அதிர்வெண் பற்றியது. அத்தான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிரான்ஸ்ஃபார்மரில் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், செகண்டரி 300 வோல்ட் என்று இருந்தது. நம் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுத்தால் போதுமென்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு, அதோடு உரத்த இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கோரில், அதாவது சுருள்களின் நடுவிலுள்ள இரும்பில், காந்தப் பாயம் 20 விழுக்காடு கூடி, இரும்பு தாங்கும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்துப் பிரைமரியை 97 வோல்ட்டுக்கு இறக்கியதும் இரைச்சல் நின்றது. செகண்டரி 250 வோல்ட்டுக்கு இறங்கியதுபோல் வால்வு இழைகளுக்கான மின்னழுத்தமும் இறங்கிவிட்டதால், அவற்றுக்குத் தனியே ஒரு 6.3 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டேன்.