மில் சம்பளம் வாங்கும் தங்கைக்கு இலவச சட்ட உதவி கிடைக்குமா?

கேள்வி:

வணக்கம். என் தங்கை திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் அருகே ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறாள்; மாதம் 11,000 ரூபாய் கைக்கு வருகிறது. அவளுடைய கணவர் இரண்டு ஆண்டுகளாகத் திருச்சியில் தனியே வசிக்கிறார், வீட்டுச் செலவுக்குப் பணம் எதுவும் தருவதில்லை. நான்கு வயது மகள் தங்கையிடம் இருக்கிறாள். எட்டு வயது மகனைக் கோடை விடுமுறைக்கு அழைத்துச் சென்ற கணவர் வீட்டார், பள்ளி திறந்த பிறகும் திருப்பி அனுப்பவில்லை. இப்போது விவாகரத்து கேட்டுத் திருச்சி குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து சமன்ஸ் வந்திருக்கிறது. வாய்தாவுக்கு மூன்று வாரம்தான் உள்ளது. வழக்கறிஞர் ஒருவர் கேட்ட முன்பணம் அவளுடைய நான்கு மாதச் சம்பளம். சம்பளம் வாங்குபவர்களுக்கு இலவச உதவி கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையா?

மறுமொழி 1 (சட்ட உதவிப் பட்டியல் வழக்கறிஞர்):

உண்மையில்லை, சகோதரி. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பு கிடையாது. உங்கள் தங்கை இதைவிட அதிகமாகச் சம்பாதித்தாலும் அவருக்கு உரிமை உண்டு. இலவச சட்ட உதவி தரும் திண்டுக்கல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் தமிழிலேயே மனு எழுதிக் கொடுக்கலாம். எழுத இயலாவிட்டால் வாய்மொழியாகச் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணிலும் அழைத்துக் கேட்கலாம். நியமிக்கப்படும் வழக்கறிஞர் உங்களிடம் கட்டணம் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது அந்த வாய்தா. போகாமல் விட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்துவிடும். வழக்கைத் திண்டுக்கல் பக்கம் மாற்றக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு செய்யலாம், அதற்கும் அங்குள்ள சட்டப்பணிகள் குழு உதவும்; ஆனால் திருச்சி வழக்கை நிறுத்திவைக்கும் தடை உத்தரவு கைக்கு வரும் வரை திருச்சி வாய்தாவுக்கு ஆஜராகியே தீர வேண்டும். இந்து திருமணச் சட்டப்படி நடக்கும் வழக்காக இருந்தால், 24ஆம் பிரிவின் கீழ் இடைக்கால ஜீவனாம்சத்தையும் வழக்குச் செலவையும் அதே நீதிமன்றத்தில் கேட்கலாம்.

தனியாக ஜீவனாம்ச மனு போடுவதென்றால் தங்கை வசிக்கும் இடத்திலேயே போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று சொன்னது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144ஆம் பிரிவாகிவிட்டது. இடைக்காலத் தொகைக்கான மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இருவருமே சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே மில் சம்பளத்தை மறைக்க வேண்டாம். அது குறைவான வருமானம், அதனாலேயே ஜீவனாம்ச உரிமை போய்விடாது.

மகன் விஷயத்தில் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மனு போட வேண்டும். பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே அதை விசாரிக்கும் என்பதால், கடந்த கல்வியாண்டு வரை அவன் வேடசந்தூரில் படித்ததற்கான பள்ளிப் பதிவும், அவன் பெயர் உள்ள குடும்ப அட்டையும் மிக முக்கியம். நாள் தள்ளத் தள்ள, அவன் திருச்சியில்தான் வசிக்கிறான் என்று அவர்கள் சொல்ல இடம் கிடைத்துவிடும். அவனுக்கு எட்டு வயது என்பதால் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் தானாகச் சொல்லாது. அவனுடைய நலன் எங்கே என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார்.

மறுமொழி 2:

அக்கா, நானும் இதே வழியில் போய் வந்தவள். எனக்கு முதலில் நியமிக்கப்பட்டவர் இரண்டு வாய்தாவுக்கு வரவே இல்லை. கைக்குழந்தையோடு நீதிமன்ற வாசலில் நின்றபோது உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். நானே போய் நின்று, அடுத்த தேதி வாங்கினேன். மறுநாள் வேறு வழக்கறிஞர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், மாற்றிக் கொடுத்தார்கள். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜீவனாம்ச உத்தரவு வந்த பிறகு, பணம் வராத மாதங்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நிலுவையை வசூலிக்க, அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போடாவிட்டால் அந்த மாதத் தொகைக்கு வாரண்ட் கேட்க முடியாது. இதைத் தெரியாமல் நான் ஐந்து மாதப் பணத்தை இழந்தேன்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. மாமனார் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டால் பையனை அனுப்புவதாகச் சொல்கிறார். தங்கை தவித்துப் போயிருக்கிறாள்.

மறுமொழி 1:

கையெழுத்துப் போடவே வேண்டாம். சமரசம் வேண்டுமானால் ஆணைக்குழு வழியாகவே பேசலாம். அங்கும், பையன் எந்தெந்த நாள் யாரிடம் இருப்பான், யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பது வரை எழுதி, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் பதிவான சமரசத்துக்கு மேல்முறையீடு கிடையாது. மிரட்டல் தொடர்ந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரை அணுகி, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மனு கொடுங்கள். அந்த மனுவிலேயே பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கவும் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்:

வியாழக்கிழமை அவளுக்கு மில்லில் வார விடுமுறை. சமன்ஸ், குடும்ப அட்டை, பள்ளிச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே திண்டுக்கல் போகிறோம்.