ஸ்னோ வைட் நாடகம்: மாற்றாந்தாயை என்ன செய்வது?

லயத்துக்காற்று (ஹட்டன்):
வணக்கம். கலைவிழாவுக்குத் தரம் 8, 9 பிள்ளைகளை வைத்து 20 நிமிட நாடகம் போட வேண்டும். ஸ்னோ வைட் என்று முடிவாகிவிட்டது. சிக்கல் மாற்றாந்தாயில். எங்களுடையது தோட்டப் பாடசாலை. வீட்டில் சின்னம்மாவோடு வளரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். சின்னம்மா என்றால் நஞ்சு வைப்பாள் என்று மேடையில் காட்டிவிட்டு, அந்தப் பிள்ளையை அதே வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. வில்லியை எடுத்துவிட்டால் கதை படுத்துவிடும். மூலக் கதையில் எவ்வளவு தூரம் கைவைக்கலாம்? கண்ணாடி, ராணி கிழவியாவது, அப்பிள் மூன்றையும் குறைந்த செலவில் எப்படிச் செய்வது? பகல் நிகழ்ச்சி, மண்டபத்தில் திரை உண்டு, மேடை விளக்கு இல்லை.

ஏட்டுச்சுவடி:
மூலக் கதை என்று பயப்பட வேண்டாம் மிஸ். இந்தக் கதையைத் தொகுத்த ஜெர்மானியர்களான கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட முதற்பதிப்பில் ஸ்னோ வைட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாயேதான். 1819 இரண்டாம் பதிப்பில் அந்தத் தாயைப் பிரசவத்தோடு சாகவைத்து, ஒரு வருடத்தில் அரசன் மறுமணம் செய்ததாக மாற்றினார்கள். ஹான்சல், கிரெட்டல் கதையிலும் இதே கைவரிசை: 1812இல் தாய், 1840 நான்காம் பதிப்பில் மாற்றாந்தாய். பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் புத்தகம் போகத் தொடங்கிய பிறகு, பெற்றவளே இப்படிச் செய்தாள் என்று விட்டுவைக்க மனமில்லாமல் போனது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மாற்றக் கூடாது என்று யாராவது வந்தால் இதைச் சொல்லுங்கள்.

சிண்டரெல்லா அப்படியல்ல. 9ஆம் நூற்றாண்டுச் சீனக் கதையான யே சியென்னிலேயே சின்னம்மா இருக்கிறாள்; பெண் ஆசையாக வளர்க்கும் மீனைக் கொன்று தின்கிறாள். இத்தாலிய எழுத்தாளர் பசிலேயின் சிண்டரெல்லா கதை 1634இல் அச்சானது. அதில் நாயகியே பெட்டி மூடியைக் கழுத்தில் விழவைத்துத் தன் முதல் சின்னம்மாவைக் கொல்கிறாள். தூண்டிவிட்டவள் தையல் சொல்லிக்கொடுத்த ஆசிரியை. அவளே அடுத்த சின்னம்மாவாக வந்து, அதுவரை ஒளித்து வைத்திருந்த ஆறு மகள்மாரை வெளியே கொண்டுவருகிறாள்! அங்கெல்லாம் சண்டை வீட்டில் உள்ளது யார் பிள்ளைக்கு என்பதில். அதனால் அந்த உறவைத் தொட்டால் கதை ஆட்டம் காணும். இசையமைப்பாளர் ரொசினி மட்டும் 1817 சிண்டரெல்லா ஒபேராவில் (இசை நாடகத்தில்) தைரியமாக மாற்றாந்தந்தையை வைத்து, நாயகியின் பங்குச் சொத்தை அவன் தின்றுவிட்டதாகக் காட்டினார்.

ஸ்னோ வைட்டின் ராணிக்கோ சொந்தப் பிள்ளையும் இல்லை, சொத்துத் தகராறும் இல்லை. அழகுப் போட்டி ஒன்றுதான். ஆகவே அவளை ‘ராணி’ என்று மட்டும் அழைத்தாலே நாடகம் ஓடும். கூடவே அரசனை மேடையில் வையுங்கள். கிரிம்மில் மறுமணம் முடிந்த கையோடு அவன் கதையிலிருந்தே காணாமல் போகிறான், யாரும் தேடுவதில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கட்டும். சபையின் கோபத்தில் பாதி அவன் பக்கம் போகும்.

முத்தக் காட்சிக்காகப் பெற்றோரிடம் பேச்சு வாங்கவும் வேண்டாம். 1937 டிஸ்னி படத்தில்தான் அவள் முத்தத்தால் விழிக்கிறாள். கிரிம்மின் பிந்திய பதிப்புகளில் பெட்டியைச் சுமக்கிறவர்கள் புதரில் தடுக்கி, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய அப்பிள் துண்டு வெளியே விழுகிறது. சிரிப்பும் கிடைக்கும்.

அரிதாரம்:
மேடை வேலைக்கு வருகிறேன்.

கண்ணாடி: உண்மைக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். பகலில் சபையும் யன்னலும்தான் அதில் தெரியும், உடைந்தால் ஆபத்து. 5 அடி உயரம், 3 அடி அகலத்தில் மரச்சட்டம் அடித்து, முன்பக்கம் ரிஜிபோமில் (தெர்மோகோல்) பூவேலை ஒட்டுங்கள். ஒட்ட பைண்டர் கம், பூச நீரில் கலக்கும் எமல்ஷன் பெயின்ட். ஸ்ப்ரே பெயின்டோ எனமலோ பட்டால் ரிஜிபோம் கரைந்து குழி விழும், கடைசி நாளில் பலரை மாட்டிவிடுவது இதுதான். காகிதக் கூழில் கிரீடம், பூ செய்யும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். ஹட்டன் பக்கம் ஆனி, ஆடி மழையில் அது காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சட்டத்துக்குள் கறுப்பு வலைத்துணி, பின்னால் கண்ணாடியாகப் பேசும் பிள்ளை. விளக்கு இல்லாததால் முகம் மங்கலாகத்தான் தெரியும், அதனால் முகத்தில் வெள்ளைப் பூச்சு, துணிக்கு 1 அடிக்குள் நெருங்கி நிற்க வேண்டும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் கூவும். ஸ்பீக்கரை மேடை விளிம்புக்கு முன்னே தள்ளுங்கள். சட்டத்தின் காலில் இரண்டு மணல் பை கட்டாயம். கதவு திறந்த மண்டபத்தில் காற்று வந்தால் முகப்பாரத்தோடு முன்னால் சாயும்.

ராணி கிழவியாவது: கிழவியின் சேலையை உள்ளே உடுத்திவிட்டு, மேலே ராணியின் நீளமான மேலங்கி. கழுத்தில் முடிச்சு வேண்டாம், பதற்றத்தில் இறுகிவிடும், வெல்குரோ தையுங்கள். நரைமுடிக்குச் சாம்பல் நிறக் கம்பளி நூலை முக்காட்டின் விளிம்பிலேயே தைத்துவிட்டால் முக்காடு போட்டதும் தலைமுடி தயார். மாற்ற இரண்டு உதவியாளர் போதும், ஆனால் யார் அங்கி, யார் முக்காடு என்று முன்பே பிரித்துக்கொடுங்கள். குள்ளர்களின் பாட்டை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் அந்த இடத்தில் வைத்தால் நேரம் சரியாக இருக்கும்.

அப்பிள்: கிரிம்மில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு, நஞ்சு சிவப்பில் மட்டும். ராணி வெள்ளைப் பக்கத்தைத் தான் தின்று காட்டி நம்பவைக்கிறாள். சாயம் பூச வேண்டியதில்லை. சிவப்பு அப்பிளைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியின் தோலைச் சீவி, வெட்டிய இடமெல்லாம் தேசிக்காய்ச் சாறு தடவி, பல்குத்தும் குச்சி ஒன்றால் இணையுங்கள். சாறு இல்லாவிட்டால் பழம் பழுப்பேறி வெள்ளை போய்விடும். கடிக்கும் முன் குச்சியை உருவி எடுப்பதை ஒத்திகையிலேயே பழக்குங்கள்.

கூத்துக்களரி:
‘ராணி’ என்று பெயர் மாற்றுவது வெறும் மழுப்பல். கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், கார்ட்டூனில் பார்த்திருப்பார்கள். உறவை ஒளிப்பதைவிட அவள் செய்வதைத் துல்லியமாகக் காட்டுவது நல்லது.

நம் ஊரில் பாடப்படும் நல்லதங்காளை எடுங்கள். வில்லி அண்ணி, மூளி அலங்காரி. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு வந்தவளுக்கு அவள் எரியாத பச்சை விறகையும் ஓட்டைச் சட்டியையும் கொடுப்பதாகப் பாடுவார்கள். சமைக்கச் சொல்கிறாள், ஆனால் சமைக்க முடியாது. கிரிம்மின் சிண்டரெல்லாவிலும் இதே சூழ்ச்சி: பருப்பைச் சாம்பலில் கொட்டி இரண்டு மணி நேரத்தில் பொறுக்கச் சொல்வது, பொறுக்கிவிட்டால் இரட்டிப்புப் பருப்பு, பாதி நேரம், அதையும் முடித்தால் ‘உனக்கு உடுப்பு இல்லையே’. இதைப் பார்த்துவிட்டு அண்ணிமாரெல்லாம் கெட்டவர்கள் என்று யாரும் எழுந்து போவதில்லை. சட்டிதான் மனதில் நிற்கிறது.

நடிப்புக்கு 1950 சிண்டரெல்லா படத்தின் சின்னம்மாவைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். மந்திரம் கிடையாது, கைநீட்டி அடிப்பதும் கிடையாது. ‘வேலையெல்லாம் முடித்தால் போகலாம்’ என்கிற நியாயமான பேச்சு, ஒரு சாவி, கடைசியில் கண்ணாடிச் செருப்போடு வரும் சேவகனின் காலை இடறும் தடி. அவ்வளவுதான். நம் மேடையில் வில்லி என்றாலே கண்ணை உருட்டிக் கத்துவார்கள், மூன்றாவது நிமிடத்தில் சபை சிரிக்க ஆரம்பித்துவிடும். கத்தலை ஒரே ஒரு இடத்துக்கு, கண்ணாடி உண்மை சொல்லும் இடத்துக்கு, மிச்சம் வையுங்கள்.

மிஸ் கவலைப்படுகிற விஷயத்துக்கு வழி இன்னொரு சின்னம்மாதான். இராமனுக்குக் கைகேயி மட்டுமா மாற்றாந்தாய்? சுமித்திரையும்தான், அவள் தன் மகனையே அவனோடு காட்டுக்கு அனுப்புகிறாள். உங்கள் கதையில் ஸ்னோ வைட்டைக் கொல்ல ராணி அனுப்பும் வேடனுக்கு ஒரு மனைவி, அவனது மூத்த தாரத்துப் பிள்ளையை வளர்ப்பவள் என்று எழுதுங்கள். ‘ஒரு பிள்ளையை வெட்டிவிட்டு இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சோறு போடுவாய்?’ என்று அவள் கேட்டதும் வேடன் கத்தியைக் கீழே போடட்டும். இரண்டு நிமிடக் காட்சி. அரசன் பேசாமல் இருப்பதும் இதற்குப் பக்கத்தில் வந்தால்தான் எடுபடும்.

லயத்துக்காற்று:
வேடன் மனைவி காட்சியை எழுதுகிறேன், அரசனையும் உட்கார வைக்கிறேன். நேரம் இடிக்கிறது. மூன்று கொலை முயற்சியும் வேண்டுமா? முடிவில் ராணிக்கு என்ன தண்டனை?

ஏட்டுச்சுவடி:
கூத்துக்களரி சொன்ன இரண்டாவது சின்னம்மா வந்தால் ராணியையும் மாற்றாந்தாய் என்றே வைக்கலாம், என் யோசனையை விடுங்கள்.

கிரிம்மில் மார்க்கச்சை நாடா, சீப்பு, அப்பிள் என்று மூன்று. டிஸ்னி அப்பிளை மட்டும் எடுத்தது. நாடாவை விடுங்கள், இறுக்கி மூச்சுத் திணறவைப்பதைப் பிள்ளைகள் இடைவேளையில் செய்து பார்ப்பார்கள். சீப்பு வைத்தால் ஒரு தடவை ஏமாந்தவள் ஏன் மறுபடி கதவைத் திறக்கிறாள் என்ற கேள்வி வரும். 20 நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்ல இடமில்லை, அப்பிள் போதும்.

தண்டனை கிரிம்மில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு விழுந்து சாகும்வரை ஆடுவது, படத்தில் பாறையிலிருந்து விழுவது. இரண்டும் பாடசாலைக்கு வேண்டாம். அவள் கடைசியாகக் கேள்வி கேட்க வரும்போது குள்ளர்கள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்விடட்டும், ராணி பின்னாலேயே ஓடட்டும்.

அரிதாரம்:
தூக்குவதென்றால் நான்கு பேர், அதுவும் தரம் 9 பிள்ளைகள். மணல் பையை முடிச்சுப் போடாமல் கொக்கியில் மாட்டுங்கள், பின்னால் நிற்கும் கண்ணாடிப் பிள்ளையே கழற்றிவிடலாம். பையோடு தூக்கினால் சட்டத்தின் கீழ் மூட்டு விட்டுவிடும்.